அரை மணி நேரத்தில் பாளையங்கோட்டை

1946-ஆம் வருஷம் ஆடி மாதம் தூத்துக்குடிக்கு வந்து இறங்கிய பந்தயக் கார், சுங்க ஆபீஸ் வாசலிலிருந்து மாதா கோயில் வரைக்குமான அரை மைல் தூரத்தை ஐம்பத்து மூன்று நிமிஷத்தில் ஓடி முடித்தது. வழியில் எங்கும் நிற்கவில்லை, என்ஜின் அணையவில்லை, சக்கரம் மணலில் புதையவில்லை. ஓட்டியவன் மிதிக்க வேண்டியதை எல்லாம் அடிவரைக்கும் மிதித்துத்தான் ஓட்டினான். அன்றைக்குக் கரையில் சாளை மீன் மலிந்து கிடந்தது, உப்பை வாங்க நாதியில்லை, கோயிலில் திருவிழாக் கொடி ஏறி மூன்று நாளாகியிருந்தது. இவற்றோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய விவரம்தான் இதுவும். காரை ஒரு ஆடு முந்திக்கொண்டு போனது. அதற்குப் பின்னால் ஆட்டைத் தேடிக்கொண்டு வந்த கிழவரும் முந்திக்கொண்டு போனார். திருவிழாக் கூட்டம் முதலில் வாய் பிளந்து பார்த்தது, பிறகு சிரித்தது, பிறகு வெயில் ஏறவே அலுத்துப்போய் நிழலுக்குப் போய்விட்டது.

காரை வாங்கியவர் ரோச் பர்னாந்து. வயது ஐம்பத்து நான்கு. முத்து வியாபாரி என்று ஊரில் சொன்னாலும், 1928-க்குப் பிறகு அந்தக் கடலில் முத்துக்குளிப்பு நடக்கவில்லை. ஒவ்வொரு வருஷமும் சர்க்கார் ஆட்கள் படகில் போய், கடலுக்கடியில் சிப்பி விளையும் பார்களில் ஆளை இறக்கிப் பார்த்துவிட்டு, இந்த வருஷம் இல்லை, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று எழுதிவைத்துவிட்டுப் போனார்கள். பதினெட்டு வருஷமாக இதே கதை. ரோச் சங்கு வாங்கி மூட்டை கட்டி, வளையல் அறுக்கிறவர்களுக்காக டாக்காவுக்கு அனுப்பிக் காலத்தைத் தள்ளினார். ஆனாலும் முத்து வியாபாரியின் பழக்கம் அவரை விட்டுப் போகவில்லை. சிப்பி ஏலத்தில் ஒரு கட்டுப்பாடு உண்டு. குவித்துவைத்த சிப்பியைச் சுற்றி வந்து கண்ணால் பார்க்கலாம். கையால் தொடக் கூடாது, ஒன்றைத் திறந்து காட்டு என்று கேட்கக் கூடாது. ஏலம் எடுத்த பிறகு உள்ளே முத்து இருந்தாலும் சரி, அழுகின சதை மட்டும் இருந்தாலும் சரி, விற்றவனிடம் ஒரு வார்த்தை பேசக் கூடாது. அப்படிப் பேசினவனை அடுத்த முத்துக்குளிப்புச் சிலாபத்தில் யாரும் பக்கத்தில் உட்கார விடமாட்டார்கள். ரோச் வீட்டுக்குக் கத்தரிக்காய் வாங்கினாலும் அப்படித்தான் வாங்குவார். அதற்காக மனைவி அமலோற்பவத்திடம் முப்பது வருஷமாக ஏச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

அப்படிப்பட்ட மனிதருக்குப் பந்தயக் கார் எதற்கு என்றால், அவருக்கு ஒரே மகள், பிளாரன்ஸ். கப்பலில் வேலை பார்க்கும் அம்புரோசுக்குக் கட்டிக்கொடுத்திருந்தது. அம்புரோஸ் ஒன்றரை வருஷத்துக்கு ஒருமுறை வருவான், ஒரு மாதம் இருப்பான், போய்விடுவான். பிளாரன்ஸின் வயிற்றில் பிள்ளை குறுக்கே கிடக்கும். அதைத் திருப்பி எடுக்கக் கைப்பழக்கம் உள்ள டாக்டரம்மா பாளையங்கோட்டையில் இருந்தாள், முப்பது மைல் தள்ளி. பிளாரன்ஸுக்கு வலி கண்டால் நான்கு மணி நேரம்தான். அதற்குள் எடுத்தாக வேண்டும். முதல் பிள்ளைக்கு 1942-இல் வலி கண்டது. ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று ஊரில் பாதி காலியாகி, வாடகைக் கார் அத்தனையும் பெட்டி படுக்கையை ஏற்றிக்கொண்டு மேற்கே போய்விட்டிருந்தது. மாட்டு வண்டியில் போனார்கள். புதுக்கோட்டை தாண்டியதும் பிள்ளை வயிற்றிலேயே போய்விட்டது. இரண்டாவது 1944-இல். பெட்ரோல் கிடைக்காமல் பஸ்கள் அடுப்புக்கரியில் ஓடிய காலம். வல்லநாட்டு ஏற்றத்தில் பஸ் நின்றது. கண்டக்டர் இறங்கிக் கரி அடுப்பின் விசிறியைச் சுற்றினான், சுற்றினான், பயணிகளும் மாற்றி மாற்றிச் சுற்றினார்கள். டாக்டரம்மா இரண்டு தடவையும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னாள்: ஒரு மணி நேரம் முன்னால் வந்திருக்கலாம். ரோச்சுக்கு அந்த ஒரு மணி நேரம் தொண்டையில் மீன்முள்ளாக நின்றது. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

1945 டிசம்பரில் டாக்காவிலிருந்து ஒரு பார்சல் வந்தது. அதைச் சுற்றியிருந்த கல்கத்தாப் பத்திரிகையில் விளம்பரம் ஒன்று இருந்தது. அஸ்ஸாமில் டிப்ருகருக்கு அப்பால் ஒரு தேயிலைத் தோட்டத்துத் துரை, பந்தயங்களில் ஓடிய தன் காரை விற்கிறார். இரண்டு பேர் உட்காரலாம், மேலே கூரை கிடையாது, மணிக்கு அறுபது மைல் சும்மா போகும். ரோச் அந்தத் தாளைக் கிழித்து எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்து வாத்தியார் இனிகோவிடம் போனார். அறுபது மைல் என்றால் முப்பது மைலுக்கு எவ்வளவு நேரம் என்று கேட்டார். அரை மணி என்றார் வாத்தியார். அந்த ஒரு வார்த்தைக்காகவே ரோச் மேற்கொண்டு யோசிக்கவில்லை. வாத்தியார் இங்கிலீஷில் கடிதம் எழுதினார், துரை பதில் போட்டார். நல்ல கையெழுத்து, நல்ல தாள். வண்டியில் பழுது ஒன்றும் இல்லை, சொன்ன வேகம் நிச்சயம் போகும் என்று எழுதிவிட்டு, கடைசியில் இரண்டு வரி சேர்த்திருந்தார்: “இந்த வண்டியில் போய்த் திரும்பும்போதெல்லாம் என் வீட்டார் என்னை விட்டுவிட்டு முன்னே போய்விடுகிறார்கள். இனி நடந்தே போவதென்று இருக்கிறேன்.”

வாத்தியார் அந்த வரிகளை இரண்டு தடவை வாசித்தார். இதற்கு என்ன அர்த்தம் என்று எழுதிக் கேட்டுவிடலாம், ஒரு தபால்தானே என்றார்.

“சிப்பி எடுக்கவன் உள்ள என்ன இருக்குன்னு கேப்பானா வாத்தியாரே?” என்றார் ரோச்.

வாத்தியார் கடிதத்தை மடித்து அவர் கையில் கொடுத்துவிட்டார். இந்தக் கடற்கரையில் பிறந்தவர்களைத் தவிர வேறு யாரும் இப்படி ஒரு காரை வாங்கியிருக்க மாட்டார்கள். உழவு பார்க்கும் விளாத்திகுளத்துச் சம்சாரி மாடு வாங்கினால் பல்லைப் பிடித்துப் பார்ப்பான், வாலை முறுக்கிப் பார்ப்பான். ரோச் அஸ்ஸாமிலிருந்து கார் வாங்கினார், ஒரு கேள்வி கேட்கவில்லை.

கார் ஆற்றுப் படகில் கல்கத்தாவுக்கும், கல்கத்தாவிலிருந்து கப்பலில் தூத்துக்குடிக்கும் வர ஏழு மாதம் ஆயிற்று. கப்பல் கரையை ஒட்டி வர ஆழம் போதாது. ஐந்து மைல் வெளியே நங்கூரம் போட்டு நிற்கும். சரக்கைத் தோணியில் இறக்கிக் கொண்டுவருவார்கள். சிவப்புக் கார் தோணியில் நின்றபடி அலையில் ஏறி இறங்கி வந்தது நன்றாகத்தான் இருந்தது. ஓட்டுவதற்கு இசக்கியப்பனை வைத்தார் ரோச். பட்டாளத்தில் லாரி ஓட்டி, பர்மாவிலிருந்து நடந்தே திரும்பி வந்தவன். பேச்சில் கொஞ்சம் கூட்டிக் குறைத்துச் சொல்லுவான் என்று பேர். அவன் ஒரு பீடியைப் பற்றவைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தான். கார் நகர்ந்தது என்று சொல்லலாம். சக்கரத்துக் கம்பிகளை ஒன்று, இரண்டு என்று எண்ணலாம் போலிருந்தது. என்ஜின் சத்தம் யாரோ தூரத்தில் உரலில் இடிப்பதுபோல ஒவ்வொன்றாக விழுந்தது. ரோச் பக்கத்திலேயே நடந்துகொண்டு, ஏலே இசக்கி, என்னல ஆச்சு என்று கேட்டுக்கொண்டே வந்தார். அவன் பதிலே சொல்லவில்லை. கண்ணை ஒருமுறை மூடித் திறக்க அரை நிமிஷம் எடுத்துக்கொண்டான். கோயில் வாசலில் என்ஜினை அணைத்த பிறகுதான் அவனுக்கு உயிர் வந்தது. அரை நிமிஷத்துல வந்துட்டம்லா முதலாளி, இப்படியொரு வண்டியை நான் கனாவிலும் ஓட்டினதில்லை என்று சிரித்தான். தெருவில் ஒரு ஆள் கண்ணுக்குத் தெரியவில்லை, எல்லாம் புகையாய் ஓடியது, வெயில்தான் சுள்ளென்று அறைந்தது என்றான். முகத்தின் ஒரு பக்கம் உண்மையாகவே கன்றிச் சிவந்து போயிருந்தது. காலையிலேயே சாராயமா என்று கூட்டத்தில் யாரோ கேட்டார்கள்.

அதற்குப் பிறகு ஊர் ரோச்சைப் படுத்திய பாட்டைச் சொல்லி முடியாது. சந்தைக்குப் போகிறேன், நேரமில்லை, அதனால் நடந்து போகிறேன் என்று அவர் காதில் விழும்படி சொல்வார்கள். துரைக்கு எழுதிப் பணத்தைத் திருப்பிக் கேள் என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். ரோச் அசையவில்லை. திறந்து பார்த்த சிப்பியைத் திருப்பிக் கொடுக்கிற வழக்கம் அவருக்கு இல்லை. இசக்கியப்பன் மட்டும் தினம் வந்து, ஒருக்கா ஏறி உக்காந்து பாருங்க முதலாளி என்று கெஞ்சினான். ரோச் ஏறவில்லை. ஏமாந்தது போதாதென்று அதற்குள் உட்கார்ந்து வேறு காட்ட வேண்டுமா என்று இருந்தது அவருக்கு. என்ஜினை அணைத்து மாடு பூட்டி இழுத்தால் கார் சமர்த்தாக, மாட்டின் வேகத்திலேயே வந்தது. அப்படி இழுத்துவந்து வீட்டுக்குப் பக்கத்தில், சங்கு மூட்டை அடுக்கும் கிட்டங்கியில் நிறுத்தினார்கள். அதன் இருக்கையில் கோழி முட்டையிட்டது. ரோச்சுக்கு அந்த வருஷம் எதிலும் மனம் ஒட்டவில்லை. சாப்பிட்டார், சங்கு பார்த்தார், படுத்தார். மகள் மறுபடியும் உண்டாகியிருக்கிறாள் என்று அமலோற்பவம் சொன்னபோது சந்தோஷம் வரவில்லை, உடம்பெல்லாம் அசதிதான் வந்தது. அதைப் பாவம் என்று நினைத்து, பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொன்னார்.

இந்தத் தடவை ஒன்பதாம் மாதம் பிறக்கும் முன்பே பாளையங்கோட்டையில் போய் உட்கார்ந்துவிடுவதென்று வீடு பார்த்து வைத்திருந்தார்கள். மார்ச் முதல் தேதி குடிபோக வேண்டும். 1947 பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை, உச்சிப்பொழுது கோயில் மணி அடித்து முடியும்போது பிளாரன்ஸுக்கு வலி கண்டது. எட்டாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. மருத்துவச்சி வந்து வயிற்றைத் தொட்டுப் பார்த்து, குறுக்கேதான் கிடக்கு என்று சொல்லிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு சும்மா இருந்தாள். அடுத்த ரயில் சாயங்காலம். மணியாச்சியில் மாறி, போய்ச் சேர ராத்திரி ஆகும். வாடகைக் கார்க்காரன் பெட்ரோல் கூப்பன் தீர்ந்துவிட்டது என்று கையை விரித்தான். பஸ் வேண்டாம் என்று ரோச்சே சொல்லிவிட்டார். வல்லநாட்டு ஏற்றத்தை அவர் மறக்கவில்லை. பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லாமல் மகளின் கட்டில் பக்கத்தில் நின்றார். இரண்டு தடவை பார்த்ததை மூன்றாம் தடவை பார்க்கத் தனக்குத் தெம்பில்லை என்று அவருக்குத் தெரிந்தது.

“என்னைய அந்த வண்டியில ஏத்துங்கப்பா,” என்றாள் பிளாரன்ஸ்.

வலி அவளைப் பிதற்ற வைக்கிறது என்று நினைத்தார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, நிதானமாகவே சொன்னாள். கார் வந்து இறங்கிய அன்று அவள் மாடி ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். இசக்கியப்பன் சுங்க ஆபீஸ் வாசலில் பீடி பற்றவைத்ததைப் பார்த்தாள். ஒரு மணி நேரம் கழித்துக் கோயில் வாசலில் இறங்கியபோது, அதே பீடி அப்போதுதான் பற்றவைத்தது மாதிரி அவன் விரலில் இருந்தது. அவன் பொய் சொல்லவில்லை. வண்டிக்கு வேகம் இருக்கிறது. அது உள்ளே இருக்கிறவர்களுக்கு மட்டும் இருக்கிறது.

ரோச் தலையில் கை வைத்துக்கொண்டார். “வெளிய ரெண்டு நாள் மூணு நாள் ஆயிருமே, ஏளா.”

“உள்ள அரை மணிதானப்பா. பிள்ளையும் எனக்கு உள்ளதான கெடக்கு.”

அமலோற்பவம்தான் முதலில் எழுந்தாள். மாற்றுப்புடவை இரண்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, நான் சாயங்கால ரயிலுக்குப் போய் டாக்டரம்மாவிடம் சொல்லிவைக்கிறேன், நீங்கள் வந்து சேருங்கள் என்றாள். அன்று ராத்திரியே பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் போய் நின்றாள். வலி எடுத்த பெண் எங்கே என்று டாக்டரம்மா கேட்டதற்கு, வந்துக்கிட்டு இருக்கா, சனிக்கிழமை சாயங்காலம் வந்துருவா என்று பதில் சொன்னாள். டாக்டரம்மா அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, சனிக்கிழமைக்கு ஒரு கட்டிலை ஒதுக்கி வைக்கச் சொன்னாள். நாள் முழுக்க நின்று வேலை பார்த்தவளுக்குக் குறுக்குக் கேள்வி கேட்கத் தெம்பில்லை போலும்.

இங்கே, கார் வந்த அன்று ஊற்றிய பெட்ரோல் டாங்கியில் அப்படியே இருந்தது. புறப்படும்போது இசக்கியப்பன் ஒரு விஷயத்தை ஞாபகப்படுத்தினான். இரண்டு நாள் வெயில் அரை மணி நேரத்தில் தலையில் இறங்கும், பிள்ளைத்தாய்ச்சி கருகிப்போவாள். தோணிப் பாயை எடுத்து மேலே கட்டிப் பார்த்தார்கள். கார் கிட்டங்கியை விட்டுத் தெருவுக்கு வருவதற்குள், எல்லோர் கண் முன்னாலும் பாய் மெள்ள மெள்ள உப்பி, நூல் நூலாகக் கிழிந்து, சாவகாசமாகப் பறந்து போனது. அறுபது மைல் வேகத்தில் அடிக்கிற காற்றுக்கு என்ன கட்டினாலும் நிற்காது. இசக்கியப்பன் பட்டாளத்துக் கோட்டையும் தலைப்பாகையையும் மாட்டிக்கொண்டான். பிளாரன்ஸுக்கு வெளியே இருந்து யாராவது குடை பிடித்துக்கொண்டே நடந்தாக வேண்டும். இருந்ததே இரண்டு இருக்கை. ரோச்சுக்கு எப்படியும் இடம் கிடையாது. அவர் கறுப்புக் குடையை விரித்துப் பிடித்தார். இனிகோ வாத்தியார் பள்ளிக்கூடத்துக் கைமணியை எடுத்துக்கொண்டு, ஆடு மாடு மனுஷர்களை விலக்கிவிட முன்னால் போனார். பள்ளிக்கூடத்துக்கு இரண்டு நாள் லீவு விட்டாயிற்று.

அரை அடி எடுத்துவைப்பது, நிற்பது. அரை அடி எடுத்துவைப்பது, நிற்பது. வேகமாக நடக்கிறவனுக்குக் கால் வலிக்கும். இப்படி நடக்கிறவனுக்கு இடுப்பு விட்டுப்போகும். முதல் மைலிலேயே ரோச்சுக்கு அது தெரிந்துவிட்டது. உப்பு வண்டிகள் வரிசையாக முந்திப் போயின. வண்டிக்காரர்கள் முதலில் கேலி பேச வாயெடுத்து, காருக்குள் இருக்கும் முகத்தைப் பார்த்ததும் பேசாமல் போனார்கள். அந்த முகத்தைத்தான் ரோச் பார்த்துக்கொண்டே நடந்தார். புதுக்கோட்டைக்கு முன்னால் பிளாரன்ஸின் வாய் திறக்கத் தொடங்கியது. கத்துகிறாள் என்று புரியவே அவருக்கு வெகுநேரம் பிடித்தது. சத்தம் கேட்கவில்லை, கிணற்றடியில் யாரோ முனகுவது மாதிரி ஒரு ரீங்காரம் மட்டும் வந்துகொண்டிருந்தது. அந்த ஒரு வலி முடிந்து வாய் மூட ஒன்றே முக்கால் மணி நேரம் ஆயிற்று. கண்ணோரத்தில் ஒரு துளி புறப்பட்டுக் கன்னத்தில் இறங்கி வருவதற்குள் கூப்பிடு தூரம் போய்விட்டார்கள். மற்ற தகப்பன்மார் வெளித் தாழ்வாரத்தில் உட்கார்ந்து, உள்ளிருந்து வருகிற சத்தத்தைக் கேட்பதோடு சரி. ரோச் மகளின் ஒவ்வொரு வலியையும் ஒரு நரம்பு விடாமல், ஒன்றே முக்கால் மணி நேரம் பக்கத்தில் நின்று பார்த்தார். அப்படி ஒன்பது வலி. கார்க் கதவின் மேல் அவள் கை கிடந்தது. குடை பிடிக்காத கையை அதன் மேல் வைத்துக்கொண்டார். மகளின் முதல் பிள்ளை மாட்டு வண்டியில் போய்விட்ட இடம் வந்தபோது அழுதார். ரோட்டில், மணியடித்துக்கொண்டு போகும் வாத்தியார் திரும்பிப் பார்க்க, கூச்சமில்லாமல் அழுதார். நின்று அழுவதற்குக்கூட இல்லை. நின்றால் குடை நகர்ந்துவிடும்.

வெள்ளிக்கிழமை வாகைக்குளம். பனங்காட்டிலிருந்து பிச்சம்மாள் என்ற பெண் பதநீர் கொண்டுவந்தாள். என்ன ஏது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, கொடுங்க அண்ணாச்சி, நான் செத்த நேரம் பிடிக்கேன் என்று குடையை வாங்கினாள். அந்த நேரத்தில் ரோச் ஒதுங்கிவிட்டு வந்து, பனை நிழலில் நின்றபடியே பழையதைக் குடித்தார். தெய்வச்செயல்புரத்தில் ஒரு பஸ் பின்னால் நின்று ஹாரன் அடித்துத் தீர்த்தது. டிரைவர் இறங்கி வந்து, எட்டிப் பார்த்து, திரும்பிப் போய் பஸ்ஸை வயலோரமாக ஒதுக்கி ஓட்டிக்கொண்டு போனார். ராத்திரியில் வெயில் இல்லாவிட்டாலும் பனி இருந்தது, குடையை மடக்க முடியவில்லை. ரோச் நடந்துகொண்டே தூங்கவும் கற்றுக்கொண்டார். வல்லநாட்டு ஏற்றத்தில் கார் மூச்சு வாங்கவில்லை. சமதரையில் போன அதே போக்கில் ஏறி இறங்கியது. அந்த இடத்தில் மட்டும் ரோச் மகளின் முகத்தைப் பார்க்காமல், சக்கரத்தையே பார்த்துக்கொண்டு நடந்தார். ஆற்றுப் பாலத்தில் ஏறும்போது பிளாரன்ஸின் முகம் மெதுவாக அவர் பக்கம் திரும்ப ஆரம்பித்தது. பாலத்தின் மறுகரைக்கு வந்தபோதுதான் திரும்பி முடிந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் ஐந்தரை மணிக்கு ஆஸ்பத்திரி வாசலில் இசக்கியப்பன் என்ஜினை அணைத்தான். டாக்டரம்மா வெளியே வந்து காத்திருந்தாள். எப்போது வலி கண்டது என்று கேட்டாள். ஒரு மணி நேரம் இருக்கும் என்றாள் பிளாரன்ஸ். வியாழக்கிழமை மத்தியானம் என்றார் ரோச். டாக்டரம்மா இரண்டையும் எழுதிக்கொண்டு உள்ளே போனாள். ஏழு மணிக்கு முன்னால் பிள்ளையைத் திருப்பி எடுத்தாள். பெண் குழந்தை. சின்னது, ஆனால் அழுதது. இரண்டு பிள்ளைகளின் அழாத வாயைப் பார்த்திருந்த ரோச், அந்தச் சத்தத்தைத் தாழ்வாரத்தில் நின்று கேட்டார். கேட்டு முடித்ததும் அப்படியே சரிந்து உட்கார்ந்தார். குடையை மடக்க விரல் வரவில்லை. அமலோற்பவம்தான் ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுத்தாள்.

மறுநாள் மத்தியானம் கண் விழித்து மகளைப் பார்க்கப் போனார். பிளாரன்ஸ் அவரைக் கண்டதும் திகைத்துப்போனாள். அவள் கணக்கில் அப்பாவை வீட்டு வாசலில் பார்த்து ஒரு நாள் கூட ஆகவில்லை. அதற்குள் அவருக்குத் தாடி நரைத்து வளர்ந்து, கன்னம் ஒட்டி, கழுத்துக் கறுத்திருந்தது.

“வழியில எனக்கு ஒண்ணுமே தெரியலப்பா, எல்லாம் புகையா ஓடுச்சு,” என்றாள். “உங்க கை மட்டும் தெரிஞ்சுது. சூடாச்சு, ஆறுச்சு. திரும்பவும் சூடாச்சு. ராத்திரியும் நடக்கியன்னு அதுலதான் கண்டுக்கிட்டேன்.”

ரோச் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆடி மாதமே ஒரு தரம் அந்த இருக்கையில் ஏறி உட்கார்ந்திருந்தால், இத்தனை மாதம் நிம்மதியாகத் தூங்கியிருக்கலாமே என்று தன் மேலேயே கோபம் வந்தது. அதுவும் ரொம்ப நேரம் நிற்கவில்லை. கோபப்படவும் கொஞ்சம் தெம்பு வேண்டும்.

விஷயம் ஊரில் பரவ அதிக நாள் ஆகவில்லை. அந்த வருஷம் முடிவதற்குள் நான்கு பிள்ளைத்தாய்ச்சிகளும், சங்கு குளிக்கப் போய் மூச்சு முட்டின மணப்பாட்டுக்காரன் ஒருவனும் அதில் போனார்கள். எல்லோரும் உயிரோடு போய்ச் சேர்ந்தார்கள். போகும்போது இரண்டே கால் நாள். திரும்பும்போது மாடு பூட்டி இழுத்து வந்தால் ஒரே ராத்திரி. இசக்கியப்பன் அடிக்கடி வண்டியில் போனதால் ஊரில் நடப்பது அவனுக்குத் தெரியாமல் போயிற்று. சுதந்திரம் வந்த அன்றைக்கு அவன் தெய்வச்செயல்புரத்துக்கும் வல்லநாட்டுக்கும் நடுவில் இருந்தான். இறங்கின பிறகுதான் சொன்னார்கள். ரோச் வண்டிக்கு வாடகை வாங்கவில்லை. கேட்டு வந்தவர்களிடம் ஒன்றை மட்டும் கேட்பார்: குடை பிடிக்க யார் வருகிறார்கள்?

1948 பங்குனியில் உப்பளம் வைத்திருந்த வீரபாகு வந்தார். மனைவி சண்முகவடிவுக்கு வலி கண்டிருந்தது. வேலையாள் ரெண்டு பேரை அனுப்புதேன் அண்ணாச்சி, மாத்தி மாத்திப் பிடிப்பானுவ என்றார். நான் ரயிலில் முன்னாலேயே போய் அங்கே ஆக வேண்டியதைப் பார்த்துக்கொள்கிறேன் என்றும் சொன்னார்.

“கூலிக்கு நடக்கவன் ரோட்டப் பாப்பான்,” என்றார் ரோச். “அவ மொகத்தப் பாத்துக்கிட்டு நடக்க ஆளு வேணும்.”

அதட்டியோ புத்தி சொல்லும் குரலிலோ சொல்லவில்லை. சங்குக்கு விலை சொல்வதுபோலத்தான் சொன்னார். வீரபாகு கொஞ்ச நேரம் காரைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். பிறகு கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கணக்குப்பிள்ளையிடம் கொடுத்துவிட்டு, செருப்பையும் கழற்றிப் போட்டுவிட்டு, குடையை வாங்கிக்கொண்டார். சனிக்கிழமை கூலி கொடுக்க முதலாளி இருக்க மாட்டார் என்று கணக்குப்பிள்ளை உப்பளத்துக்குச் சொல்லி அனுப்பினான். வண்டி காலை எட்டு மணிக்குப் புறப்பட்டது. ரோச் மாடிக்குப் போய், பேத்தியின் தொட்டிலுக்குப் பக்கத்தில் பாயை விரித்துப் படுத்து, ஒரு மணி நேரம் நன்றாகத் தூங்கினார். எழுந்து ஜன்னல் வழியாகப் பார்த்தபோது, வண்டி தெருக்கோடியில் திரும்பிக்கொண்டிருந்தது. வீரபாகு மனைவியின் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல், குடையை அடுத்த கைக்கு மாற்றிக்கொண்டிருந்தார்.